சாவடிச் சுவரில் தூங்கிய பூனை

வெகு காலத்துக்கு முன்னால் ஒரு ராஜ்யம் இருந்தது. பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள், அதனால் பெயரை விட்டுவிடுவோம். அந்த ராஜாவுக்கு ஒருநாள் மத்தியானத் தூக்கம் கலைந்து எழுந்தபோது ஒரு யோசனை உதித்தது. பழைய மந்திரி காசிக்குப் போய்விட்டார். புது மந்திரியை ஜனங்களே தேர்ந்தெடுத்தால் என்ன? பௌர்ணமியன்று கோயில் மண்டபத்தில் பானைகள் வைப்பது, வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை போடுவது, எந்தப் பானையில் அதிகம் விழுகிறதோ அந்தப் பானைக்காரர் மந்திரி. சபையில் இருந்தவர்கள் ஆகா என்றார்கள். ராஜா தூங்கி எழுந்து எதைச் சொன்னாலும் ஆகா என்பதற்குத்தானே அவர்களுக்குச் சம்பளம்!

போட்டிக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் படைக்குத் தலைவரான தளவாய் உக்கிரசேனர். இன்னொருவர் அரசாங்கக் களஞ்சியத்தைக் கவனித்துவந்த தனபதி. அந்த ஊரில் சேதி என்றால் தண்டோராதான். கீழவீதித் தண்டோராக்காரர்களைத் தளவாய் பிடித்துக்கொண்டார், மேலவீதிக்காரர்களைத் தனபதி பிடித்துக்கொண்டார். எல்லைச் சண்டையில் ஒற்றை ஆளாக நின்று பகைவரை விரட்டிய சூரர் தளவாய் என்று கீழவீதி முழங்கியது. பஞ்சத்தில் களஞ்சியத்தைத் திறந்து ஏழைகளுக்கு அள்ளிக் கொடுத்த வள்ளல் தனபதி என்று மேலவீதி முழங்கியது. நடுவில் ஒருநாள் மழை பெய்தது. கீழவீதியில் அது தளவாயின் நல்ல மனசுக்காகப் பெய்தது, மேலவீதியில் தனபதியின் நல்ல மனசுக்காகப் பெய்தது. இரண்டு வீதிக்கும் நடுவில் குடியிருந்தவர்கள் நனைந்ததுதான் மிச்சம்.

அப்படி நடுவில் குடியிருந்தவன்தான் சபையின் விகடகவி ஏகாம்பரம். ஊரைச் சிரிக்க வைப்பவன் தைரியசாலியாக இருப்பான் என்று நாம் நினைக்கிறோம். ஏகாம்பரம் வடிகட்டின பயந்தாங்கொள்ளி. ஒவ்வொரு விகடத்துக்கு முன்னாலும் பின்னாலும் அவனுக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் வெள்ளைச் சுவரைக் கண்டால் கை சும்மா இருக்காது. அவன் வீட்டுக்கு எதிரே சுங்கச்சாவடி. அந்தச் சுவருக்கு அப்போதுதான் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு போய் ஒரு படம் போட்டான். ஒரே பாயசத்தில் இரண்டு சமையற்காரர்கள் உப்பைக் கொட்டிக்கொண்டே சர்க்கரை, சர்க்கரை என்று கூவுகிறார்கள், அடுப்போரத்தில் ஒரு பூனை தூங்குகிறது. பெயர் எதுவும் எழுதவில்லை.

ஊரே வந்து பார்த்துச் சிரித்தது. சிரிப்பு இரண்டு வேட்பாளர்களின் காதிலும் விழுந்தது. அதுவரை ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள் அன்றைக்கு ஒரே பல்லக்கில் ஏறிப் போய்ப் பேசிக்கொண்டார்கள். அன்று மாலை கீழவீதியும் மேலவீதியும் முதல்முறையாக ஒரே சேதியை முழங்கின. சாவடிச் சுவரில் தூங்கும் பூனை நம் மகாராஜாதான்!

ஏகாம்பரத்தைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். ராஜாவின் முகம் சிவந்திருந்தது.

"ஏகாம்பரம், நான் பூனையா?"

"பிரபு, அது அடியேன் வீட்டுப் பூனை. எப்போதும் தூங்கும், அதனால் வரைவதற்குச் சுலபம்."

இதைக் கேட்டு ராஜாவின் கோபம் இன்னும் ஏறியது. சுவரை உடனே வெள்ளையடிக்கச் சொன்னார். பிறகு தீர்ப்பைச் சொன்னார்.

"நாளை உச்சிப்பொழுதில் இந்தச் சபைச் சுவரில் இவர்கள் இருவரின் படமும் இருக்க வேண்டும். அது உண்மைப் படமாக இருக்க வேண்டும். இருவரில் ஒருவர் பொய் என்றாலும் உன் வலக்கைக் கட்டைவிரல் உன்னிடம் இருக்காது."

தனபதி எழுந்து கைகூப்பினார். பொய்யே வரைந்து பழகிய அந்தக் கை, படத்தில் ஒரு கோடுகூட இழுக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். ஓவியர் எவரும் அவனுக்கு உதவக் கூடாது என்று தளவாய் சேர்த்துக்கொண்டார். ராஜா இரண்டுக்கும் தலையசைத்தார்.

ஏகாம்பரத்துக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இன்னும் கொஞ்ச நேரமாவது விரல் ஒட்டியிருக்கட்டும் என்று வாய்க்கு வந்ததைக் கேட்டான். "பிரபு, யாராவது பொய் என்றால், படம் உண்மைதான் என்பதற்குச் சாட்சி உண்டா என்று விசாரித்த பிறகு வெட்ட உத்தரவாக வேண்டும். சாட்சி கேளாமல் தண்டிப்பது இந்தச் சபையின் வழக்கம் அல்லவே."

இவனுக்கு ஏது சாட்சி என்று இரண்டு பேரும் சிரித்தபடி சம்மதித்தார்கள். அவன் இரண்டு கைகளையும் துணிப்பைக்குள் விட்டுக் கட்டி, முடிச்சில் அரக்கு முத்திரை வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் அவன் மனைவி கோமளம்தான் சோறு ஊட்டினாள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"ஊர்ல எத்தனையோ பேரு சும்மா இருக்காங்க. உங்களுக்கு மட்டும் ஏன் அந்தக் கை அரிக்குது? விரலு போச்சுன்னா சோத்தை உருட்டி வாயில போடறதுக்கும் ஆளு வேணும், தெரியுதா?"

அவனுக்கு நன்றாகவே தெரிந்தது. பைக்குள் கட்டைவிரலை மடக்கி மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டான். சோறு போகட்டும், இனிமேல் கரித்துண்டைப் பிடிக்க முடியாதே என்று நினைத்தபோதுதான் அவனுக்குக் கண் கலங்கியது. அந்தப் பூனை அவன் மடியில் படுத்து நிம்மதியாகத் தூங்கியது.

விடிந்ததும் அரண்மனைக்குப் புறப்பட்டான். ஊரைவிட்டு ஓடிவிடலாமா என்றுகூட யோசித்தபடி சாவடியைத் தாண்டியவன் அப்படியே நின்றுவிட்டான். புதுச் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை, அதற்குள் யாரோ தனபதிக்குக் கழுதைக் காது வரைந்திருந்தார்கள். பக்கத்திலேயே வேறு யாரோ தளவாய்க்கு வால் வரைந்திருந்தார்கள். தேர்தல் காலத்தில் ஒரு வெற்றுச் சுவரைக் கண்டு சும்மா போக யாராலும் முடியவில்லை போலிருக்கிறது. ஏகாம்பரம் கழுதைக் காதையே வெகுநேரம் பார்த்தான். பிறகு விறுவிறுவென்று நடந்தான்.

சபைச் சுவரின் இரண்டு பாதிக்கும் தனித்தனியாகத் திரை கட்டச் சொன்னான். கீழே கரித்துண்டுகளைப் போடச் சொல்லிவிட்டுத் தூண் ஓரம் உட்கார்ந்தான்.

வேடிக்கை பார்க்க முதலில் தளவாய் வந்தார். இடது திரையைத் தூக்கி வெற்றுச் சுவரைப் பார்த்து மீசையைத் தடவினார். ஏகாம்பரம் முனகினான். "என் விரல் போனது போனதுதான், தளவாய் அவர்களே. என் வருத்தமெல்லாம் வேறு. மத்தியானம் ஊரே கூடும். தனபதியைப் பற்றிச் சாட்சியோடு தெரிந்தவர் யாராவது இருந்தும், இவ்வளவு பெரிய சுவர் வீணாகக் கிடக்கிறதே."

தளவாய் யோசித்தார். படத்தைப் பார்த்ததும் தனபதி பொய் என்று கத்துவான். விகடகவிக்கு விரல் போகும். சாட்சி வந்தால் தனபதிக்கு மானமும் போகும். இவ்வளவு லாபத்தை விடுவாரா? இடது திரைக்குப் பின்னால் புகுந்து கரியும் கையுமாக வெளியே வந்தார்.

பிறகு தனபதி வந்தார். அவரிடமும் ஏகாம்பரம் பெயரை மட்டும் மாற்றி அதையே முனகினான். தனபதி வலது திரைக்குப் பின்னால் புகுந்தார். மூடியிருந்த இன்னொரு பாதியைத் தூக்கிப் பார்க்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அவரவர் சந்தோஷம் அவரவருக்கு.

உச்சிப்பொழுதில் சபை நிரம்பியது. வாள்காரன் வந்து நின்றான். காவலர்கள் ஏகாம்பரத்தின் அரக்கு முத்திரையைச் சோதித்து, உடையவில்லை என்றார்கள். ராஜா கையசைக்க, இரண்டு திரைகளும் விழுந்தன.

இடது பக்கம், களஞ்சியத்தின் பின்வாசலில் தனபதி மாதிரி ஒரு தொந்தி நெல்மூட்டைகளைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தது. முன்வாசலில் ஏழைகள் வெறும் முறத்தோடு நின்றார்கள். வலது பக்கம், தூரத்தில் சண்டை நடக்க, ஒரு நெற்குதிருக்குள்ளிருந்து தளவாயின் மீசை மட்டும் எட்டிப் பார்த்தது. இரண்டுமே கோணல்மாணல் படங்கள், ஆனால் ஆளை அடையாளம் தெரியாமல் இல்லை.

தனக்குள் சிரித்தபடி இடது பக்கம் பார்த்த தளவாய் வலது பக்கம் திரும்பினார். பொய் என்று கத்த வாயைத் திறந்தார். அப்போது தளவாயின் கண்ணில் தனபதியின் விரல் பட்டது. அது கூட்டத்தில் நின்ற ஒரு குதிரைக்காரனைச் சுட்டியது. சண்டையன்று குதிரையைப் பிடித்துக்கொண்டு, நெற்குதிரின் மூடியையும் மூடியவன் அவன்தான், இப்போது தனபதியிடம் வேலைக்கு இருந்தான். தளவாயின் வாய் அப்படியே மூடிக்கொண்டது.

"தளவாயே, இது பொய்யா?" என்று ராஜா கேட்டார்.

"படம் அவ்வளவு தெளிவாக இல்லை, பிரபு."

"தனபதி, உமது படம்?"

தனபதியும் பொய் என்றுதான் ஆரம்பிக்க இருந்தார். ஆனால் அந்த நெல்மூட்டைகளை ஏற்றிச்சென்ற பழைய படகோட்டி இப்போது தளவாயின் சிப்பாய் உடுப்பில் முன்வரிசையில் நின்று பல்லைக் காட்டினான். "அடியேனுக்கு மத்தியானத்தில் கண் கொஞ்சம் மங்கல், பிரபு" என்றார் தனபதி.

ஏகாம்பரம் பைக்குள் கட்டைவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "பிரபு, என் கை ஒரு கோடும் இழுக்கவில்லை. ஓவியர் எவரும் வரவில்லை என்பது படத்தைப் பார்த்தாலே தெரியும். இவரை வரைந்தவர் அவர், அவரை வரைந்தவர் இவர். பொய் என்று இருவரும் சொல்லவில்லை."

இரண்டு பேரின் கரிபடிந்த விரல்களையும் ராஜா பார்த்தார். எழுந்து சுவரண்டை போய் ஒரு கரித்துண்டை எடுத்து, இரண்டு படங்களுக்கும் நடுவில் தாமே வரைய ஆரம்பித்தார். சரியாக வரவில்லை என்றாலும் அது பூனை. தலையில் ஒரு கிரீடம் வைத்தார். ஒரு கண்ணை மூடியும் ஒரு கண்ணைத் திறந்தும் வரைந்தார்.

"இது நான் வரைந்த படம். உண்மையா பொய்யா, சொல்."

வாள்காரன் இன்னும் அங்கேதான் நின்றான். ஏகாம்பரம் அவனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நேற்று வரைக்கும் பொய், பிரபு. இன்றைக்குத்தான் ஒரு கண் திறந்திருக்கிறது."

ராஜா சிரித்தார், கிரீடம் நழுவும் அளவுக்குச் சிரித்தார். சபை ஆகா என்றது. களஞ்சியச் சாவியும் படைவாளும் அங்கேயே அந்த இருவரிடமிருந்து வேறு ஆட்களுக்குக் கைமாறின. ராஜா தம் கையாலேயே அரக்கை உடைத்து, ஏகாம்பரத்தின் வலக்கையில் முத்துக் கங்கணம் பூட்டினார். அன்று முதல் சாவடிச் சுவருக்கு அரண்மனைச் செலவில் சுண்ணாம்பு, அங்கே விகடகவி எது வரைந்தாலும் அதைத் தொடக் கூடாது என்று இரண்டு வீதித் தண்டோராவும் முழங்கியது.

பௌர்ணமிக்குப் புதிதாக இரண்டு பேர் போட்டிக்கு வந்தார்கள். வந்த அன்றே, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், ஏகாம்பரத்தின் வீட்டுக்கு அதிரசம் அனுப்பினார்கள். அவன் தன் சொந்தக் கட்டைவிரலால் பிட்டு வயிறாரத் தின்றான், பூனைக்கும் கொஞ்சம் வைத்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டே கரித்துண்டோடு சாவடிக்குப் போய், இரண்டு அதிரசத் தட்டுகளை வரைந்துவிட்டு வந்தான்.