சொற்களை விரட்டிய ஊதுகொம்பு

கேளுங்கள், கேளுங்கள்! முன்னொரு காலத்தில், மூடுபனி சூழ்ந்த ஒரு தீவு இருந்ததாம். இன்று உலகமெல்லாம் ஓடித்திரிகிற இங்கிலீஷ், அப்போது அங்கே சின்னக் குழந்தையாகத் தவழ்ந்துகொண்டிருந்ததாம்.

அந்தத் தீவின் ராஜாவுக்கு ஹில்டா என்று ஓர் அக்கா. அவள் பேசினால் சபையே சொக்கிப்போகும். அப்புறம் ராஜா, கடலுக்கு அக்கரையிலிருந்து எலோயிஸ் என்ற பிரெஞ்சுக்காரியைக் கட்டிக்கொண்டு வந்தார். மேய்கிற ஆட்டை ‘ஷீப்’ என்ற சனம், அதுவே தட்டுக்கு வந்ததும் புதுராணியைப் போல ‘மட்டன்’ என்றது! ராணிக்கு ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. மந்திரி முதல் வேலைக்காரி வரை எல்லாரும் ராணியின் பேச்சையே பேசினார்கள்.

ஹில்டாவுக்கு வயிறு எரிந்தது. சதுப்புக்காட்டு மந்திரவாதியிடம் போனாள்.

“அவள் சொற்கள் தீவை விட்டே ஓடணும்!”

மந்திரவாதி ஒரு கொம்பை நீட்டினான். “ஊதினால், வந்த சொல் போகும். மூச்சை உள்ளே இழுத்தால், போன சொல் வரும். ஆனால் இழுத்த வாயிலிருந்து முதலில் வருவது உன் எதிரியின் சொல்லாகத்தான் இருக்கும்.”

“நான் எதற்கு இழுக்கப்போகிறேன்?” என்று பிடுங்கிக்கொண்டாள் ஹில்டா.

அரண்மனைத் தோட்டத்தில் நின்று ஒருமுறை ஊதினாள். எலோயிஸின் சொற்கள் குருவிகளாய்ப் பறந்தன. தோட்டத்துக்கு வந்திருந்த ராணி ஊமையானாள். ஆனாலும் தோழிகள் அவளைச் சுற்றியே நின்றார்கள், சாடை காட்டிச் சிரித்தார்கள். ஹில்டாவுக்குப் பொறுக்கவில்லை. இரண்டாம் முறை ஊதினாள். என்றைக்கோ வடக்கு மாலுமிகள் விட்டுப்போன சொற்களும் பறந்தன. மூன்றாம் முறை ஊதக் கொம்பை உயர்த்தினாள்.

ஐயோ! மேலே, மாடி ஜன்னல் விளிம்பில் ராணியின் குழந்தை! அறைக்குள் வேலைக்காரி முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடிக்கிறாள்.

‘விண்டோ’, அதாவது ஜன்னல், என்று கத்த வேண்டும். அந்தச் சொல்லோ மாலுமிகள் கொண்டுவந்தது, பறந்துபோயிற்று. (நம் ஜன்னலும் கப்பலேறி வந்த சொல்தான், தெரியுமோ?)

“அடியே! குழந்தை! அங்கே... அந்த...”

வேலைக்காரி தொட்டிலைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். ராணி பேச்சில்லாமல் மார்பில் அடித்துக்கொண்டாள்.

ஹில்டா கையிலிருந்த கொம்பைப் பார்த்தாள். அவள் சொல்லா? என் வாயிலா? குழந்தையின் ஒரு கால் வெளியே தொங்கியது. ஹில்டா கொம்பை வாயில் வைத்து மூச்சை இழுத்தாள்.

“ஃபெனெத்ர்!”

ஜன்னலுக்கு ராணி சொல்லும் சொல் அது. வேலைக்காரி சட்டென்று திரும்பினாள், பாய்ந்தாள், குழந்தையை வாரிக்கொண்டாள். குருவிகள் கூட்டங்கூட்டமாய்த் திரும்பின.

“அண்ணி!” என்று கட்டிக்கொண்டு அழுதாள் எலோயிஸ்.

“என்னால்தான் இத்தனையும்,” என்று ஹில்டாவும் அழுதாள். கொம்பை உடைத்து எறிந்தாள்.

குழந்தை வளர்ந்து பேசினாள். அத்தை சொல் பாதி, அம்மா சொல் பாதி, நடுவே மாலுமிகள் சொல். நீண்ட விகுதிகளைக் கத்தரித்து எறிந்தாள். தீவு முழுக்க அவள் பேச்சுதான்!

“நம்மை யாரும் கேட்பதே இல்லை. எனக்குப் பொறாமையாக இருக்கிறது,” என்றாள் ஹில்டா.

“எனக்கும்தான், அண்ணி,” என்றாள் எலோயிஸ்.

இருவரும் கைகோத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் பேச்சைக் கேட்கப் போனார்கள்.