நெருப்புச் சாட்டையும் தவசிலிங்கம் மாமாவின் மீசையும்

இதில் ஒரு சிரிப்பு உண்டு, சத்தியமாக. ஆனால் கடைசியில்தான் வரும். அதுவரை கோபத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் என்னுடையதல்ல, சிஷ்யருடையது.

சிஷ்யர், மாடி வீட்டுத் தவசிலிங்கம் மாமா. சாத்தூர் தீயணைப்பு நிலையத்தில் இருபத்தாறு வருட சர்வீஸ். குரு நான், பதினொன்றாம் வகுப்பு.

பாடம், ‘கோட்டை வீரன்’ வீடியோ கேம். ஏழு பாகம் வந்துவிட்டது. ஏழிலும் ஒரு நெருப்புச் சாட்டை உண்டு. நெருப்பு உருண்டைகளை வரிசையாகக் கோத்தது போல, வழியை மறித்து, கடிகார முள்ளாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். மாமா அதை ஒரு பாகத்திலும் தாண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் தாண்டாவிட்டால் மீசையை எடுத்துவிடுவதாக நிலையத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். கல்யாண போட்டோவிலேயே இருக்கிற மீசை. இன்று வெள்ளி. மணி ஐந்தரை.

"குருவே, ஏழு பாகத்துலயும் அதே நெருப்பையே வைக்கிறானே, இது என்ன நியாயம்?"

நான் பதில் சொல்லவில்லை. உடனே சொன்னால் குருவுக்கு மரியாதை இல்லை.

மாமா ஓடினார். கருகினார். நிஜ நெருப்புக்காவது தண்ணீரைக் கண்டால் பயம் உண்டு, இந்தச் சனியனுக்கு அதுவும் இல்லை என்றார். இதைச் செய்தவனை எங்கள் ஊர் பட்டாசுக் கிடங்கில் ஒரு நாள் காவலுக்கு நிறுத்த வேண்டும் என்றார். மறுபடி ஓடினார். மறுபடி கருகினார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. மணி அடித்தால் ஒரு நிமிடத்துக்குள் வண்டி கிளம்ப வேண்டும். தாமதித்தால் நெருப்பு அடுத்த கூரைக்குப் போய்விடும். நெருப்பைக் கண்டால் அவர் கால் நிற்காது.

"தண்ணி கொண்டு வர்றேன் மாமா" என்று அடுப்படிக்குப் போனேன். அம்மா கடைக்குப் போயிருந்தாள். குக்கர் முனகிக்கொண்டிருந்தது. அம்மா நேற்று வாங்கிய புது சிம் போட்ட போன் மேடையில் இருந்தது.

கூடத்தில் மாமாவின் போன் அடித்தது.

பேசியது மாவட்ட அலுவலர் உலகநாதன் ஐயாவின் குரல். வாக்கியத்துக்கு ஒரு செருமல். யார் பேசியது என்று மாமாவைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

கதவிடுக்கில் பார்த்தேன். மாமா எழுந்து விறைப்பாக நின்றார்.

மீசை விஷயம் காதுக்கு வந்தது, இது துறையின் மானம், உத்தரவு வரும்வரை விரல் அசையக் கூடாது என்றார் ஐயா. பிறகு,

"நெருப்பு நிலவரம் சொல்லுய்யா."

"சுத்துதுங்கய்யா."

"பெருகுதா?"

மாமா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இல்லைங்கய்யா. அதே அளவுதான்."

"வேகம்?"

"அதுவும் அப்படியேதான் இருக்குங்கய்யா."

"வழி?"

சாட்டை நாலைந்து சுற்று சுற்றியது. மாமாவின் உதடு எண்ணியது.

"மேல போறப்ப கீழ வழி இருக்குங்கய்யா. ரெண்டு எண்ணுற நேரம்."

"அப்ப போ."

மாமா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டார். ஒரு சுற்றை விட்டார். அடுத்ததையும் விட்டார். மூன்றாவதில் நிதானமாக நடந்து போனார். டிவியில் கோட்டைக் கதவு திறந்தது.

அவர் குதிக்கவில்லை. மெதுவாக மீசையைத் தடவினார். ஆனாலும் கோபம் போகவில்லை.

"இருந்தாலும் ஐயா, ஏழு பாகத்துலயும் அதையே கொண்டு வந்து வைக்கிறது அநியாயம் இல்லீங்களா?"

ஐயா செருமினார்.

"ஏழு பாகமும் அது அங்கேயேதானய்யா நின்னுச்சு. நீ ஒரு தடவையாவது நின்னியா?"

மாமா மீசையிலிருந்து கையை எடுத்தார்.

அப்போது குக்கர் விசிலடித்தது.

மாமா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அடுப்படிப் பக்கம் பார்த்தார். இரண்டாவது விசில் வந்தது. போனைத் திரும்பக் காதில் வைத்து, மீசையை முறுக்கிக்கொண்டே, ரொம்பப் பணிவாகக் கேட்டார்:

"ஐயா, உங்க வீட்லயும் பருப்பு வேகுதுங்களா?"