சரணம் முடிவதற்குள்

ஒரே சத்தியத்தை மூன்று பேர் செய்தார்கள். ஒருவன் அதைக் காப்பாற்றினான். ஒருவன் தன் பங்கை மட்டும் விட்டுவிட்டுப் போனான். ஒருத்தி உடைத்தாள். மூவரில் யார் பக்கம் நிற்பீர்கள் என்று கடைசியில் கேட்கப்போகிறேன். "மூணு பேருமே அவங்கவங்க வகையில சரிதான்" என்று வழவழவென்று சொல்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

புதுச்சேரியில், கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி, மாடியில் ஒரு சின்ன பார். பத்து மேசை. ஏறி இறங்க ஒரே படிக்கட்டு. அதிலும் இருவர் சேர்ந்தாற்போல் இறங்க முடியாது. ஞாயிறு மாலைகளில் அங்கே மூன்று பேர் வாசிப்பார்கள். சொந்தப் பாட்டு கிடையாது, எல்லோருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டுகள்தான். லூசியன் கிதார் வாசித்துக்கொண்டே பாடுவான். கஜபதி டிரம்ஸ். தமயந்தி பேஸ் கிதார்: நாலு தடித்த கம்பி, அடிவயிற்றில் அதிரும் ஒலி. "நீ வாசிக்கிறது கேக்கவே இல்லியேம்மா" என்று சொல்பவர்கள் அவள் வாசிப்புக்குத்தான் ஆடிக்கொண்டிருப்பார்கள். யாரும் பார்க்காதவளுக்கு மேடையின் மூலைதான் இடம். அந்த மூலையிலிருந்து சரக்கறையின் கதவு தெரியும். மற்ற இருவருக்கும் தெரியாது.

சத்தியம் வந்த கதை இது. போன வருஷம் வேறொரு பாரில் இரண்டு மேசைக்காரர்கள் கட்டிப் புரண்டபோது இவர்கள் பயந்துபோய்ப் பாட்டை நிறுத்தினார்கள். அதுவரை ஆடிக்கொண்டிருந்தவர்களும் சண்டைப் பக்கம் திரும்பினார்கள். நாற்காலிகள் பறந்தன. கஜபதியின் மண்டையில் தையல் போடும்படி ஆயிற்று. "ஆடுற வரைக்கும் கூட்டம் அடிக்காது" என்றான் லூசியன். இனி என்ன ரகளை நடந்தாலும் பாட்டை நடுவில் நிறுத்துவதில்லை என்று மூவரும் கைமேல் கை வைத்தார்கள். அது முட்டாள்தனமான சத்தியம் அல்ல, ரத்தம் கொடுத்துக் கற்றது. தீர்ப்பு சொல்லும்போது இதை மறந்துவிடக் கூடாது.

ஒரு ஞாயிறு மாலை, அந்த மாடி பாரில் கல்லூரிப் பெண் ஒருத்தி அளவுக்கு மீறிக் குடித்து நிலைதடுமாறிக் கிடந்தாள். பார் முதலாளியின் அக்கா மகன் அவளைக் கைத்தாங்கலாகச் சரக்கறைப் பக்கம் நடத்திக்கொண்டு போனான். மேசைக்குப் பரிமாறும் முருகவேல் குறுக்கே நின்றான்.

"அண்ணே, அவங்க ஃப்ரெண்டு கீழ ஆட்டோ புடிச்சி வெச்சிருக்காங்க. விடுங்க."

"உன் வேலை தட்டு தூக்குறதுடா."

முருகவேல் அவன் கையைப் பிரித்துவிட்டான். அந்தப் பெண்ணைக் கீழே கொண்டுபோய் ஆட்டோவில் ஏற்றிவிட்டு மேலே வந்தான். வந்தவனை வாசலில் காவல் நிற்கும் இரண்டு ஆட்கள் சரக்கறைக்குள் இழுத்துப் போனார்கள்.

கதவு சரியாகச் சாத்தவில்லை. தமயந்தி வாசித்துக்கொண்டே பார்த்தாள். ஒருவன் முருகவேலின் தலைமுடியைப் பிடித்து முகத்தை ஐஸ் பெட்டியின் மேல் அழுத்தினான். மற்றவன் ஐஸ் உடைக்கும் இரும்புத் தடியை எடுத்தான். தோளில் ஓர் அடி. முட்டியில் ஓர் அடி. முருகவேலின் வாய் கிழியத் திறந்தது. சத்தம் வெளியே வரவில்லை. பாட்டு அதை விழுங்கிக்கொண்டிருந்தது. கல்லாவில் இருந்த முதலாளி, வாராவாரம் "சத்தத்தைக் குறை, குறை" என்று கத்துகிற மனுஷன், கையை உயர்த்தி இன்னும் சத்தமாக வாசிக்கச் சொன்னார். அலறலை மூடத்தான் இந்தப் பாட்டு என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

இடையிசை வந்ததும் இருவரையும் நெருங்கினாள். "உள்ள முருகவேலைப் போட்டு அடிக்கிறாங்க. செத்துருவான்."

லூசியன் கிதாரை விடவில்லை. "படிக்கட்டைப் பாரு. நாப்பது பேரு, அத்தனை பேரும் போதையில இருக்காங்க. நெரிஞ்சே சாவாங்க. இன்னும் ஒரு சரணம்தான், முடிச்சிட்டுப் போவோம்."

"அந்தச் சரணத்தை அவன் தாங்கணுமே."

"சத்தியம் பண்ணிருக்கோம், தமா."

கஜபதி எழுந்தான். குச்சிகளைப் போட்டுவிட்டுச் சரக்கறைக்குள் பாய்ந்தான். தடி அவன் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்து, வயிற்றில் உதைபட்டு, மூலையில் சுருண்டான். அடி மறுபடி முருகவேலுக்குப் போயிற்று.

டிரம்ஸ் நின்றதைக் கூட்டம் உணர்வதற்குள் லூசியன் கிதாரை முதுகுக்குத் தள்ளி, கைகளைத் தலைக்குமேல் தட்டியபடி பாடினான். கூட்டமும் தட்டியது. இப்போது பாட்டைத் தாங்கி நின்றது தமயந்தியின் நாலு கம்பி மட்டும்தான். தடி ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டே பாதிச் சரணம் வாசித்தாள். பிறகு வயரைப் பிடுங்கி எறிந்து, லூசியனின் மைக்கைப் பறித்தாள்.

"பக்கத்து ரூம்ல ஒருத்தனைக் கொல்றாங்க. காது இருக்குதுல்ல, கேளுங்க."

கேட்டது. கூட்டம் கதவை உடைத்துக்கொண்டு புகுந்தது. தாடை நொறுங்கிய முருகவேலை உயிரோடு தூக்கி வந்தார்கள். ஆனால் அதோடு நிற்கவில்லை. காவலாட்கள் இருவரையும் தரையில் போட்டு மிதித்தார்கள். எவனோ உடைந்த பாட்டிலை ஒருவன் முகத்தில் செருகினான். அவனுக்கு ஒரு கண் போய்விட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் லூசியன் சொன்னான்: "என்னால யாருக்கும் ஒரு கீறல் கிடையாது. அந்தக் கண்ணு உன்னாலதான் போச்சு."

கட்டுப்போட்ட கையோடு கஜபதி: "நான் யாரையும் உசுப்பிவிடல. நானே போனேன், நானே வாங்கினேன்."

"நீ போயும் அடி நிக்கலியே கஜா" என்றாள் தமயந்தி.

இப்போது சொல்லுங்கள். சத்தியத்தைக் காத்தவனா, தனியாகப் பாய்ந்தவனா, ஒரு கண்ணை விலையாக்கி ஓர் உயிரை மீட்டவளா? இவர்களில் செய்யவேண்டியதைச் செய்தவர் யார்?

விடை: தமயந்தி. அந்தச் சத்தியம் கூட்டம் அடித்துக்கொள்ளாமல் இருப்பதற்கு. ஒருவனைப் பிடித்துவைத்து இருவர் அடிக்கும்போது அதே பாட்டு, பிடித்துக்கொள்ளும் மூன்றாவது ஆளாகிவிடுகிறது. லூசியன் காப்பாற்றியது அதைத்தான். கஜபதியின் வீரத்தை மதிக்கிறேன், ஆனால் அந்த அறைக்கு வேண்டியிருந்தது இன்னொரு உடம்பு அல்ல, நாற்பது சாட்சிகள். போன கண்ணுக்குப் பதில் சொல்லவேண்டியவன் பாட்டிலைச் செருகியவன். அந்தக் கணக்கைப் பெண்ணின் தலையில் எழுதுகிற வழக்கத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஆனாலும், தெரிந்தபின் வாசித்த அந்தப் பாதிச் சரணத்துக்கு என்னிடம் வாதம் இல்லை. தாடை சேர்ந்து பேச்சு வந்ததும் முருகவேல் அவளிடம் குற்றம் எதுவும் சொல்லவில்லை. "பாட்டு நின்னப்புறம்தான்க்கா, நான் கத்துறது எனக்கே கேட்டுச்சு" என்று மட்டும் சொன்னான்.