தட்டை அடியா, கூர் அடியா?

"அம்மா, தட்டை அடியா, கூர் அடியா?" வேம்புலி மறுபடியும் கேட்டான்.

ஏரிக்கரையில் தனியாக வாழ்ந்துவந்த துறவி ஏகவல்லி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இதைக் கேட்காம ஒரு நாளாவது இருப்பியா நீ?"

அவள் வயதுதான் அவனுக்கும். ஆனாலும் அவளைக் கேட்காமல் அவன் எதையும் செய்வதில்லை. பழைய படகு புயலில் உடைந்துபோயிருந்தது. புதிதாக ஒன்று கட்ட மரம் வந்து இறங்கி, வெயிலில் வெடித்துக்கொண்டிருந்தது. ஒரு படகுக்குத்தான் மரம்; ஏரிக்கும் கடலுக்கும் அதுவேதான். அதன் அடிப்பாகத்தைத் தட்டையாக வைப்பதா, கூராக வைப்பதா என்பதுதான் அவன் கேள்வி. அவன் மனைவி பூங்காவனம் தினமும் ஏரிக்குள் இறங்கி, சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடித்து அடுப்பு எரித்தாள்.

"தட்டை அடின்னா முழங்கால் தண்ணியிலயும் போகும். கோரைக்குள்ள நுழைஞ்சு, நின்னுக்கிட்டே வாத்து சுடலாம். ஆனா, கடல்ல..." என்று வேம்புலி இழுத்தான்.

"கூர் அடி?"

"அலையைக் கிழிச்சிட்டுப் போகும். ஆனா, ஏரியில..."

"போதும்! ரெண்டையும் இரவல் வாங்கு. தட்டை அடியைக் கடலுக்குக் கொண்டு போ. கூர் அடியை ஏரிக்குள்ள விடு."

"மாத்திச் சொல்றீங்களே?"

"போய்யா!"

இரவல் வாங்கிய தட்டைப் படகு கடலில் ஒவ்வொரு அலையிலும் தொப்பென்று விழுந்தது. முதுகெலும்பு நொறுங்கியதுபோல் இருந்தது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தைத் தாண்டுவதற்குள் பாதிப் படகு தண்ணீர். மொண்டு மொண்டு ஊற்றி, சாமியைக் கூப்பிட்டபடி கரை சேர்ந்தான்.

மறுநாள் கூர் படகு. வாத்தைப் பார்த்து எழுந்து நின்றான். படகு சாய்ந்தது, குறி தப்பியது. கொஞ்ச தூரத்தில் சேற்றில் குத்திக்கொண்டு நின்றும்விட்டது.

இறங்கித் தள்ளினான். அசையவில்லை.

அருகே இடுப்பளவுத் தண்ணீரில் இறால் தடவிக்கொண்டிருந்த பூங்காவனம் நடந்து வந்தாள். தோள் கொடுத்தாள். படகு நகர்ந்தது.

பல்லில் கடித்திருந்த, இறால் போடும் ஓலைப் பறியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னும் யோசிக்கிறியா?"

திரும்பித் தண்ணீருக்குள் போய்விட்டாள்.

வேம்புலி சேற்றோடு ஏகவல்லி முன்னால் போய் நின்றான்.

"ரெண்டுமே சரியில்லை!" என்று கத்தினான்.

"ஆமா, சரியில்லை."

"இதைச் சொல்லவா என்னை இந்தப் பாடு படுத்தினீங்க?"

"எந்தக் குறையை உன்னால தாங்க முடியும்?"

வேம்புலி தொடை வரை அப்பியிருந்த சேற்றைக் குனிந்து பார்த்தான்.

"சேத்துல இறங்கித் தள்ளிடலாம்," என்றான் மெதுவாக. "கடல்ல இறங்கித் தள்ள முடியாது."

"வாத்து?"

"உட்கார்ந்து சுட்டுக்கறேன். கூர் அடிதான்."

"அப்புறம் ஏன்யா இன்னும் இங்க நிக்கிறே?"