கீழே நூறு, மேலே இருபத்தெட்டு

"மறுபடியும் ஒழுகுதும்மா!"

தணிகாசலம் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் அடித்தார்.

சர்க்கரை ஆலைக்கு வால்வு பார்த்து வாங்குவது அவர் வேலை. டர்பைனுக்கு நீராவி விடுகிற லைனில், அவர் வாங்கிய இரண்டாவது 'குளோப்' ரக வால்வும் போச்சு. மூடி இடுக்கில் உஸ்ஸென்று சீறியது. லைனை அடைத்தார்கள். அரவை நின்றது. வாசலில் கரும்பு லாரிகள் வெயிலில் காய்ந்தன.

பாய்லர் ஓட்டுகிற ஜெசிந்தாவிடம் வந்து நின்றார். அவருக்கு ஐம்பத்திரண்டு. அவளுக்கு இருபத்தொன்பது. வெட்கம் பார்க்க நேரமில்லை.

"நான் என்ன தப்புப் பண்ணேன்? நூறு பார் அழுத்தம் தாங்கும்னு தகட்டுல போட்டிருக்கு. நம்ம நீராவி வெறும் நாப்பத்தஞ்சு. தண்ணி ஏத்தி நானே சோதிச்சேன். ஒரு சொட்டு வரல."

"எங்க வெச்சு சார்?"

"ஸ்டோர்ல. ஃபேனுக்குக் கீழ."

அவள் அடுத்து மாட்ட வைத்திருந்த வால்வைக் காட்டினாள். அதுவும் அதே ரகம்தான்.

"தூக்குவீங்களா?"

"பதினஞ்சு கிலோ. என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது?"

தூக்கினார்.

"அப்படியே மேல வாங்க."

மேலே, பக்கத்து பாய்லரின் லைன் ஓடுகிற இரும்பு மேடை. அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது.

"இங்க நில்லுங்க. நானும் நிக்கிறேன்."

சட்டை முதுகோடு ஒட்டியது. கண்ணில் வேர்வை எரிந்தது. பத்து நிமிஷத்தில் கை ரெண்டும் வெடவெடத்தன.

"என்ன சார், கீழ சும்மா தூக்கினீங்க?"

"கீழ இந்தச் சூடு இல்லையேம்மா!"

சொன்னவர் வாய் திறந்தபடியே நின்றது.

வால்வைத் தொப்பென்று வைத்தார். பையிலிருந்த கேட்டலாக்கை உருவினார். கடைசிப் பக்கம். அதுவரை புரட்டாத பக்கம்.

சாதா எஃகு, அவர் வாங்கிய ரகம்: குளிர்ந்திருக்கும்போது நூறு பார். நானூற்றுத் தொண்ணூறு டிகிரியில் இருபத்தெட்டு.

அடுத்த வரி, குரோமியம் கலந்த எஃகு: அதே சூட்டில் ஐம்பத்தெட்டு.

"நம்ம நீராவி என்ன சூடும்மா?"

"நானூத்தித் தொண்ணூறு."

ஃபோன் அடித்தது. ஆலையின் பெரிய மேலாளர், ஜி.எம்.

"கையில இருக்கறதை மாட்டுய்யா! நாலு மணிக்குள்ள மாட்டலேன்னா வீட்டுக்குப் போயிடு!"

"அது தாங்காது சார்," என்று சொல்லி ஃபோனை வைத்தார். இருபது வருஷத்தில் ஜி.எம்முக்கு முந்தி அவர் வைத்த ஒரே ஃபோன் அதுதான்.

ஜீப்பை எடுத்துக்கொண்டு ஈரோடு பறந்தார். குரோமியம் வால்வோடு திரும்பியபோது மணி ஐந்தரை. ஆறரைக்கு நீராவியைத் திறந்தார்கள்.

ஜெசிந்தா டார்ச் அடித்து மூடி இடுக்கைச் சுற்றிப் பார்த்தாள். இன்னொரு சுற்று பார்த்தாள்.

"காஞ்சு கிடக்கு சார்!"

டர்பைன் உறுமியது. வாசலில் அத்தனை லாரியும் ஒன்றாக ஹாரன் அடித்தன.

நாலு மணிக்குள் அவர் கையில் இருந்ததை மாட்டவும் இல்லை. வீட்டுக்குப் போகவும் இல்லை.