ஒத்திகைப் புலி

ஏய், வாயைப் பொளந்துக்கிட்டு உட்காராதீங்கடா, ஈ பூந்துரும். காதைத் தொறங்க, அது போதும்.

ஒரு காட்டுல செந்நாய்க் கூட்டம் ஒண்ணு மளமளன்னு பெருகிப்போச்சு. மான் பயந்துச்சு, பன்னி பயந்துச்சு. ஆழமான பெரிய தண்ணி மடுவைப் புடிச்சு வச்சிருந்த கிழட்டுப் புலி மட்டும் திரும்பிக்கூடப் பார்க்கல. செந்நாய்த் தலைவன் சடையனுக்கு அதுதான் உறுத்தல்.

"மடு இனி நம்மளது. முதல்ல ஓடைக்கரையில ஒத்திகை!"ன்னான்.

புலியா நடிக்க ஒரு ஆள் வேணுமாம். அந்தப் பக்கமா எலும்பு பொறுக்கிட்டிருந்த நரி நான். அமுக்கிட்டாங்க.

மூணு பக்கமும் வளைச்சாங்க. நான் பாட்டுக்கு ஓடைத் தண்ணிக்குள்ள போய் உட்கார்ந்துட்டேன். "இப்ப எப்படிடா வளைப்பீங்க?"

"வெளிய வாடா! புலி தண்ணிக்குள்ள போகாது."

"வெயில்ல அது அங்கதானே அண்ணே கிடக்கு?"

"என் திட்டத்துல போகாது!"

அன்னிக்கு எனக்குக் கறி கிடையாது. மறுநாள் வளைச்ச உடனே, "ஐயோ, செத்தேன்!"னு மல்லாந்துட்டேன். ஒரே கொண்டாட்டம். ஒரு மான் தொடை முழுசா எனக்கு.

முன்னால பாயப்போறவ செம்பி அக்கா. குட்டிக்குப் பால் குடுத்துட்டிருந்தவ. தனியா வந்து கேட்டா, "டேய், நெஜத்தைச் சொல்லு. அது தண்ணியில இறங்குனா நான் என்னடா செய்வேன்?"

வாய் நிறைய கறி. "இறங்காதுக்கா"ன்னேன்.

விடிஞ்சதும் கிளம்பிட்டாங்க. ராசியான புலின்னு என்னையும் இழுத்துட்டுப் போனாங்க.

மடுவை வளைச்சாங்க. கிழட்டுப் புலி ஒரு கொட்டாவி விட்டுச்சு. நிதானமா நடந்து, கழுத்தளவுத் தண்ணியில போய் நின்னுக்கிச்சு.

சடையன் கரையில நின்னுக்கிட்டு, "பாயுங்க! ஒத்திகையில பாய்ஞ்ச மாதிரியே பாயுங்க!"ன்னு கத்துறான்.

செம்பி பாய்ஞ்சா. அவளுக்குக் கால் ஊணல. புலி ஒரே ஒரு அறைதான் விட்டுச்சு. மத்ததெல்லாம் வாலைச் சுருட்டிக்கிட்டுப் பின்னால போயிடுச்சு.

"அது எப்படிடா தண்ணியில இறங்கலாம்?"னு சடையன் என்னைக் கேக்குறான்!

இடுப்பு ஒடிஞ்ச செம்பி, முன்னங்காலாலயே தண்ணியைத் தள்ளிக் கரையோரம் வந்துட்டா. "டேய், என்னைப் புடிடா"ன்னா.

நான் புடிக்கல. ஓடிட்டேன்.

நீதி கேக்குறவங்களுக்கு: ஒத்திகையில எதிரியை ஜெயிக்க விடாதவன், நெஜச் சண்டையில தன் ஆளையே காவு குடுப்பான்.