ஒச்சம்மாவின் ஆடுகள் தின்ற நானூறு கன்று

கிராமசபையில் அதிகாரி மானியப் பட்டியலை வாசித்தார். தவசிலிங்கத்தின் வரப்போரம் நட நானூறு வேப்பங்கன்று கொடுத்தாயிற்று என்றதும் ஆடு மேய்க்கும் ஒச்சம்மாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. இரண்டே கன்று கேட்டு நாலு மாதம் நடையாய் நடந்தவள் அவள்.

"அவரு வரப்புல வெறும் புல்லுதானே இருக்கு?" என்றாள்.

தவசிலிங்கம் மீசையை முறுக்கினார். "எல்லாத்தையும் உன் ஆடுதான் தின்னுருச்சு. நானூறையும் நீயே நட்டுக் குடு!"

"நட்டுத் தர்றேன்யா. எனக்கு ஒண்ணுகூடக் கெடைக்கல, என் எட்டு ஆட்டுக்கு நானூறு கெடைச்சிருக்கு. அதுக மேலயே பொறாமையா இருக்கு. ஆனா கன்னைத்தானே தின்னுச்சு, வெட்டுன குழியத் தின்னுருக்காதுல்ல? வாங்க, காட்டுங்க."

அதிகாரி செருப்பை மாட்டினார். ஊரே எழுந்தது. தவசிலிங்கம் மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை.